கதவு கொடுக்காத எட்டு நிறுத்தங்கள்

இடலீனா ஃபுர்த்தாடோ மறுபடியும் வண்டி ஓட்டுவாரா மாட்டாரா என்று டிப்போவில் ஐந்து வாரம் பேசிக்கொண்டார்கள். காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாலே அந்தப் பேச்சுதான். அவர் ஏன் ஏற மறுக்கிறார் என்பதில் பாதி எனக்குத் தெரியும். அதனால் அந்த ஐந்து வாரமும் நான் காபியை வெளியே வாங்கிக் குடித்தேன்.

இடலீனாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் பிறந்து ஒன்பது வயதில் டொரன்டோ வந்தவர். பதினாறு வயதில் அம்மாவோடு சேர்ந்து வங்கிக் கட்டிடங்களில் தரை துடைத்தார். பிறகு டண்டாஸ் தெருவில் மீன் கடை, பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். கட்டிட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த புருஷன் கில் முதுகை உடைத்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்ததும், முப்பத்தொரு வயதில் டிராம் ஓட்ட வந்தார். எதற்காக இந்த வேலை என்று நேர்காணலில் கேட்டார்களாம். "இதுவரைக்கும் உக்காந்து செய்யுற வேலையே செஞ்சதில்ல, அதான்" என்றாராம். கேட்டவர் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

பழைய வண்டிகள் ஒழிந்து, ஐந்து துண்டாக வளைந்து நெளிந்து போகும் முப்பது மீட்டர் தாழ்தள வண்டிகள் வந்தபோது எங்களில் பாதிப் பேர் முகம் சுளித்தோம். எங்களைக் கண்ணாடி அறைக்குள் வைத்துச் சாத்திவிட்டார்கள். ஏறுகிறவர்கள் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, நாங்களும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. இடலீனா மட்டும் வீட்டுக்குப் புது மருமகள் வந்ததுபோல நடந்துகொண்டார். அவளுடைய பூர்வீகத்தையே தோண்டி எடுத்தார். இதே குடும்பத்து வண்டிகள் எந்தெந்த ஊரில் ஓடுகின்றன என்று தேடிப் பிடித்து, அந்தந்த ஊர் வண்டியின் படம் போட்ட தபால் அட்டையை வரவழைத்துத் தன் அலமாரிக் கதவில் ஒட்டினார். பிரஸ்ஸல்ஸ், லின்ஸ், ஜெனீவா, மெல்போர்ன். மார்செய் ஊர் வண்டிக்கு மூக்கு படகு மாதிரி இருக்கும். அதைக் காட்டி, "இவதான் இந்தக் குடும்பத்துலயே அழகி. நமக்கு வாய்ச்சது உழைக்கிற தங்கச்சி" என்பார்.

அந்தப் படங்களை எல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள் அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"அங்க எல்லா ஊர்லயும் மேடை கட்டியிருக்கான் பாரு, டெஸ். வீட்டு வாசல்ல இறங்குற மாதிரி இறங்குறாங்க. நாமதான் சனங்கள நடுரோட்டுல, காருக்கு முன்னாடி இறக்கி விடுறோம்."

"மெல்போர்ன்லயும் சில இடத்துல அப்படித்தானாம்."

"அப்போ அங்க ஒரு முட்டாள், இங்க ஒரு முட்டாள். ஜோடி சேர்ந்தாச்சு."

எங்கள் வண்டிகள் ஓடும் குவீன் தெருவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்டவாளம் நடுச்சாலையில் இருக்கிறது, பயணி நிற்பது நடைபாதையில். இரண்டுக்கும் இடையில் ஒரு கார் தடம். டிராமின் கதவு திறந்திருந்தால் கார்கள் அதற்குப் பின்னால் நின்றாக வேண்டும், சட்டம் அப்படி. ஆனால் நாலு மணிக்கு மேல் ஓரத்தில் கார் நிறுத்தத் தடை வந்துவிடும், தடம் காலியாகிவிடும். அப்போது சட்டத்தை நினைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் குறைவு.

அதற்காக நாங்கள் வைத்துக்கொண்ட ஒரு வழக்கம் உண்டு, அதற்குப் பெயர் கதவு கொடுப்பது. இரண்டு வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து மாட்டிக்கொண்டால், முன்வண்டி நிறுத்தத்தில் நிற்கும்போது பின்வண்டிக்காரன் முதலில் தன் கதவுகளை எல்லாம் திறப்பான். விளக்குகள் மின்னும், கார்கள் அவனுக்குப் பின்னாலேயே நின்றுவிடும். முன்வண்டிக்காரர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுத் தன் கதவுக்கு அனுமதி கொடுப்பார். பயணி கதவிலுள்ள பொத்தானை அழுத்தி நிம்மதியாக இறங்கலாம். விதிப் புத்தகத்தில் இது கிடையாது. இன்னும் சொல்லப்போனால், நிறுத்தத்துக்கு வந்து சேராத வண்டி கதவைத் திறக்கக் கூடாது என்றுதான் புத்தகம் சொல்கிறது. நாங்கள் கொடுப்போம். கொடுக்காதவனோடு பேச மாட்டோம்.

இடலீனாவிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று இருந்தது. ஓடி வருகிறவர்களுக்கெல்லாம் காத்திருப்பார். தெருமுனையில் ஒருவன் கையை ஆட்டினால் போதும். அவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை நிமிடம் தர்மம் செய்ய, பின்னால் வருகிற என் நேரம் கரையும். கடைசி நிறுத்தத்தில் எங்களுக்குக் கிடைக்கும் இடைவேளை ஏழெட்டு நிமிடம்தான். ஒன்றுக்குப் போக, ஒரு வாய் தண்ணீர் குடிக்க, காலை நீட்ட எல்லாவற்றுக்கும் அதுதான். அது போய்விட்டால் அடுத்த ஒன்றரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அவர் புண்ணியத்துக்கு என் சிறுநீர்ப்பை கூலி கொடுத்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கிழக்குக் கோடியில் நெவில் பார்க்கில் இருவரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு இடைவேளை சுத்தமாகப் போய்விட்டிருந்தது. அவருடைய வண்டியின் சன்னலுக்குக் கீழே நின்று கத்தினேன்.

"இது என்ன டிராமா, உங்க ஊர் சாமி ஊர்வலமா? வழி நெடுக நிறுத்தி நிறுத்திக் கும்பிடு வாங்குறீங்க?"

அங்கே இன்னும் மூன்று டிரைவர்கள் நின்றிருந்தார்கள். இடலீனா சன்னலைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவ்வளவு அவசரம்னா ஒரு பாட்டில் வச்சுக்கோ டெஸ். பெரிய பாட்டில் கூட வேணாம் உனக்கு."

மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாற்பத்து நாலு வயது ஆள் நான், என் காது சுட்டது. வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினேன். ஏறும்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன், இன்றைக்கு இந்த அம்மாவுக்குக் கதவு கிடையாது.

ஊரின் நடுப்பகுதியில் மற்ற வண்டிகள் இடையில் புகுந்ததால் பிரிந்துபோனோம். மேற்கே வரும்போது மறுபடியும் அவருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து ஏழு நிறுத்தம் அவர் நின்றார், நானும் பின்னால் நின்றேன், என் கதவுகளைச் சாத்தியே வைத்திருந்தேன். மழை, இருட்டிக்கொண்டு வந்தது, ஐந்தாக இன்னும் பத்து நிமிடம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் சற்றுக் காத்திருந்து, தடம் காலியான பிறகு அனுமதி கொடுத்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இப்போது தெரிகிறதா பின்னால் ஒருவன் இருக்கிறான் என்று, நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது அந்தக் குளுமைதான் வெட்கமாக இருக்கிறது.

எட்டாவது நிறுத்தம் பார்க்டேலில், காவன் தெரு முனையில். நான் பின்னால் நின்றேன். ஒரு சாம்பல் நிறக் கார் என் வலப்பக்கமாக வந்தது. என் வண்டியின் முழு நீளத்தையும் கடந்து போனது. அவருடைய இரண்டாவது கதவு திறந்ததையும், ஒரு பெண் கீழே கால் வைத்ததையும் துடைப்பான்கள் ஓடும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒலிப்பானை அழுத்தினேன். அந்தச் சத்தமும் கார் மோதிய சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டன.

அவள் பெயர் டெச்சென், திபெத்துக்காரி, முப்பத்தாறு வயது. முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலை. இடுப்பெலும்பும் முழங்காலும் நொறுங்கிப்போயின. இடலீனா தன் மேல்கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டு, மழையில் சாலையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் வந்த கார்களை நிறுத்திக்கொண்டு நின்றேன். அது அப்போது செய்ய வேண்டிய வேலையே இல்லை, எல்லாம் ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தன.

கார்க்காரன் மேல் வழக்குப் போட்டார்கள். அவனும் குற்றத்தை ஒப்புக்கொண்டான். எங்கள் பக்க விசாரணையில் இடலீனா மேல் ஒரு தவறும் இல்லை என்று வந்தது. கண்ணாடியைப் பார்த்தார், விளக்கு வெளிச்சம்தான் தெரிந்தது, அனுமதி கொடுத்தார், அவ்வளவுதான். என்னிடமும் கேட்டார்கள். பின்னால் நின்றேன், என் கதவு மூடியிருந்தது, கார் கடந்து போனது என்று சொன்னேன். எழுதிக்கொண்டவர் தலையாட்டினார். புத்தகப்படி என் கதவு மூடித்தானே இருக்க வேண்டும். மூன்று வரியில் ஒரு பொய்கூட இல்லாமல் தப்பித்தேன்.

தவறில்லை என்று வந்த பிறகும் இடலீனா வண்டியில் ஏறவில்லை. வேலைக்குத் திரும்புமுன் ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார ஒரு நடை ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்று முறை தேதி கொடுத்தார்கள், மூன்று முறையும் உடம்பு சரியில்லை என்றார். நான்காவது தேதி டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கும் வராவிட்டால் ஓட்டுநர் வேலையிலிருந்து எடுத்துவிட்டு அலுவலகத்தில் எங்காவது போடுவார்கள். இரண்டு வருடத்தில் ஓய்வு பெற வேண்டியவர், இருபத்தேழு வருடம் ஓட்டியவர்.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நான் செய்ததைச் சொல்லிவிட்டால் அவர் மனப்பாரம் இறங்கிவிடும், வெள்ளிக்கிழமை வந்துவிடுவார் என்பது என் கணக்கு. எனக்கும் இறங்கும் என்று நினைத்ததை இங்கே மறைத்துப் பயனில்லை.

கில் கதவைத் திறந்தார். சமையலறையில் இடலீனா கீரையும் உருளைக்கிழங்கும் போட்டு சூப் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"உக்காரு. பாத்ரூம் அந்தப் பக்கம், கேக்காமலே போய்க்கலாம்."

சிரிக்க முயன்றேன், வரவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில் பேச்சு, காது சுட்டது, வேண்டுமென்றே கதவு கொடுக்காமல் வந்தது. கில் மெதுவாக எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார்.

"தப்பு உங்க மேல இல்ல, இடலீனா. நான் கதவு கொடுத்திருந்தா அந்தக் கார் எனக்குப் பின்னாடியே நின்னிருக்கும்."

அவர் அடுப்பை அணைத்தார்.

"நீ கொடுக்கலன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? ஏழு ஸ்டாப்பும் பாத்தேன். ஐயா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வராருன்னு புரிஞ்சுது. ஏழு ஸ்டாப்பும் நானே தடம் பாத்துக் காத்திருந்தேன். எட்டாவதுல என்ன ஆச்சு தெரியுமா? எனக்கும் கோவம் வந்துச்சு. போடா, நீ யாரு எனக்குக் கதவு கொடுக்க, உன்ன எதிர்பாத்து நான் எதுக்கு நிக்கணும்னு தோணுச்சு. பின்னாடி வெளிச்சம் வருது, அது கிட்ட வருதா தள்ளி இருக்கான்னு தெரியல. தெரிஞ்சுக்கவும் நிக்கல. அனுமதிய அழுத்திட்டேன்."

"விசாரணையில இதச் சொல்லலியே நீங்க."

"அவங்க கேக்கலியே. உன்கிட்ட கேட்டாங்களா?"

என் கணக்கு தவிடுபொடியானது. என் பாவத்தைச் சொல்லி அவரை விடுவிக்கப் போனேன். அவரிடம் அவருடையதே ஒன்று இருந்தது, என்னுடையதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஐந்து வாரம் இரண்டையும் டிப்போவில் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

"அப்ப வெள்ளிக்கிழமை?" என்று கேட்டேன்.

அவர் எதிரே உட்கார்ந்தார். வாரத்துக்கு இரண்டு முறை டெச்செனைப் பார்க்கப் போகிறாராம், சூப் எடுத்துக்கொண்டு. தன் கோபத்தை, அவசரத்தை எல்லாம் முதல் வாரமே ஆஸ்பத்திரியில் அவளிடம் சொல்லிவிட்டாராம். பிறகு ஒருநாள் ஒரு கேள்வி கேட்டாளாம்.

"'பின்னாடி நின்ன வண்டி ஏன் திறக்கல? எப்பவும் ரெண்டும் சேர்ந்து திறக்குமே'ன்னு கேட்டா, டெஸ். தினமும் வர்றவ, கவனிச்சிருக்கா. நாம என்னமோ ரகசியமா செய்யுறதா நினைச்சுக்கிட்டிருந்தோம். நான் தெரியலன்னு சொன்னேன். அவகிட்ட நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். அத வச்சுக்கிட்டு அவ தெரு வழியா என்னால வண்டி ஓட்ட முடியாது."

"நீங்களே சொல்லிடுங்க. என் பேரச் சொல்லுங்க, பரவாயில்ல."

"பரவாயில்லையா? ரொம்பப் பெரிய மனசு. நான் ஏன்டா சொல்லணும், உனக்கு வாய் இல்லையா? அன்னிக்கு நெவில் பார்க்ல இருந்துச்சே."

வியாழக்கிழமை மத்தியானம் டெச்செனின் வீட்டுக்குப் போனேன். ஜேம்ஸன் அவென்யூவில் பழைய அடுக்குமாடி, நாலாவது மாடி. பிடித்து நடக்கும் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். இடலீனா அனுப்பினார் என்றதும் உள்ளே விட்டாள். நாற்காலியைக் காட்டினாள், தான் நின்றுகொண்டே இருந்தாள். உட்கார்ந்து எழுந்திருக்க அவளுக்கு நேரமாகும்.

நான் வழியெல்லாம் வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. பின்வண்டி என்னுடையது, இடலீனா மேல் கோபம், அதனால் திறக்கவில்லை என்று சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"என்ன கோவம்?" என்று கேட்டாள்.

சொன்னேன். பாட்டில் விஷயத்தையும் சொன்னேன். ஒரு பெண்ணின் எலும்பு நொறுங்கியதற்குக் காரணமாக அது எவ்வளவு அற்பமாக இருந்தது என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது.

"கதவுல பச்ச விளக்கு வந்துச்சு. நான்தான் பட்டன அழுத்துனேன்" என்றாள். "இடலீனா என்ன சொன்னாலும், நான்தானே அழுத்துனேன்னு தோணும். வெளிய எட்டிப் பாத்திருக்கலாம், ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம். அவசரப்பட்டது நான்னு இத்தன நாளும் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்."

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"இல்ல, இப்பத்தான் புரியுது. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டீங்க. நடுவுல நான் இறங்கிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரமாகிவிட்டது என்றாள்.

தெருவுக்கு வந்து இடலீனாவுக்குப் போன் செய்தேன்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

ஒரு நொடி, மன்னித்துவிட்டாள் என்று சொல்லலாமா என்று நாக்கு வரை வந்தது. டெச்சென் சொன்னதை அப்படியே சொன்னேன். மறுமுனையில் பின்னால் கில் எதையோ கேட்பது காதில் விழுந்தது.

"அவ சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார் இடலீனா. "நாளைக்கு எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?"

"ஏழரை."

வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தார், ஓட்டிக் காட்டினார், பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டார். டிப்போவில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். அவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு, அதைத் தின்னாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இப்போது நாங்கள் இருவரும் அதே தடத்தில்தான் ஓட்டுகிறோம். பேசிக்கொள்கிறோம். கேலி மட்டும் நின்றுபோயிற்று.

பிப்ரவரியில் டெச்சென் வேலைக்குத் திரும்பினாள். ஆட்களைத் தூக்கும் வேலையை இனி அவளால் செய்ய முடியாது, துணி மடிக்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று இடலீனா சொன்னார். ஒருநாள் காலை பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது குவீன் தெருவின் நடைபாதையில் அவளைப் பார்த்தேன். கைத்தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் நின்றேன். கார்கள் எல்லாம் நின்றுவிட்டனவா என்று பார்த்துவிட்டு, எல்லாக் கதவுகளையும் நானே திறந்து வைத்துக் காத்திருந்தேன். படி ஏற வேண்டியதில்லை, அவளைப் போன்றவர்களுக்காகவே செய்த வண்டி. அவள் நிறுத்தத்துக்கு வந்தாள், நின்றாள், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தடியை லேசாகத் தூக்கி, போங்கள் என்று முன்னால் காட்டினாள்.

அவள் வேலை செய்யும் இடம் அங்கிருந்து இன்னும் நாலு நிறுத்தம். நடந்தே போனாள்.